இரண்டு தகடு பாக்கி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'திட்டமிடுதலும் வெற்றியும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். வெற்றியைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு விறகுக் கொட்டகையைப் பற்றிப் பேசுகிறேன். என் கையால் கட்டியது. அதற்குக் கூரை போட்டு முடிக்காமல் 112 நாள் தள்ளிப்போட்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் படித்தது சிவில். வேலை பார்ப்பது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்ற சிறிய மாநிலத்தில். பாலங்களுக்கு டிசைன் போடுவதும், அந்த வேலைகளின் கால அட்டவணையைக் கண்காணிப்பதும் என் பிழைப்பு. அங்கே வருடத்தில் ஐந்து மாதம் குளிர். நாங்கள் வாங்கியது நூறு வருடத்துப் பழைய மரவீடு. வீட்டைச் சூடாக்க எண்ணெயில் எரியும் ஃபர்னஸ் ஒன்று உண்டு. ஆனால் அதற்குள் இருக்கும் பர்னரும் விசிறியும் ஓட மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் ஃபர்னஸும் படுத்துவிடும். அதனால் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் கூடவே ஒரு விறகடுப்பும் இருக்கும். இரும்புப் பெட்டி, கண்ணாடிக் கதவு, மேலே புகைபோக்கி. அதற்குக் கரண்ட் வேண்டாம், விறகு மட்டும் போதும்.

'விறகுதானே, வெட்டிப் போட்டால் எரியப் போகிறது' என்று நான் நினைத்தேன். அப்படியில்லை. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அதை 20 சதவீதத்துக்குக் கீழே காயவைக்க வேண்டும். மேப்பிள், ஆஷ் போன்ற மரங்களுக்குப் பிளந்து அடுக்கிய பிறகு ஒரு கோடையாவது வேண்டும். ஓக் மரமானால் இரண்டு வருடம். ஈர விறகை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? பிளஸ் ஒன்னில் படித்ததுதான்: ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 540 கலோரி. வீட்டைச் சூடாக்க வேண்டிய வெப்பம் தண்ணீரை விரட்டவே செலவாகிவிடும். மிச்சமிருக்கும் குளிர்ந்த புகை, போகிற வழியில் புகைபோக்கியின் உட்சுவரில் தார் போலப் படியும். அதற்குக் கிரியோசோட் என்று பெயர். அது தீப்பிடித்தால் புகைபோக்கியே எரியும், பிறகு வீடு.

அதனால் விறகுக்குக் கொட்டகை வேண்டும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும், காற்று ஓடினால்தான் காயும். அடியில் தரையில் படக்கூடாது. மேலே கூரை வேண்டும். அவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் என் அம்மா செய்ததும் இதேதான். ஐப்பசி பிறக்கும் முன்னே கருவேல விறகையும் வறட்டியையும் தாழ்வாரத்துக்குள் ஏற்றிவிடுவார். அடைமழையில் அடுப்பு எரியவில்லையென்றால் எட்டுப் பேருக்குச் சோறு கிடையாது. எந்தக் கல்லூரியிலும் அவர் இதைப் படிக்கவில்லை.

2022 ஜூலையில் கொட்டகை வேலையை ஆரம்பித்தேன். 16 அடி நீளம், 8 அடி அகலம். ஆறு தூண்கள். அங்கே குளிர்காலத்தில் தரைக்குள் இருக்கும் ஈரம் உறைந்து மேலே தூக்கும். அதனால் உறையும் ஆழத்துக்கும் கீழே போய் அஸ்திவாரம் வைக்க வேண்டும். ஐந்தடி தோண்டினேன். கூரைக்குப் பனிச்சுமை கணக்குப் போட்டேன், சதுர அடிக்கு 50 பவுண்டு. 18க்கு 10 அடி கூரையென்றால் மொத்தம் 9,000 பவுண்டு, அதாவது நாலு டன். நன்றாக வளர்ந்த யானை ஒன்று என் கூரைமேல் நிற்கலாம். கணக்கை மனைவியிடம் காட்டினேன். "யானை எப்பங்க வரும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்டில் தூண்கள் நின்றன. செப்டம்பர் முதலில் கைமரமும் ரீப்பரும் முடிந்தன. கூரைக்கு மூன்றடி அகலத்தில் ஆறு தகடுகள். செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, நாலு தகடுகளை ஏற்றி ஸ்குரூ அடித்து முடித்தேன். இருட்டிவிட்டது, ரப்பர் வாஷர் வைத்த ஸ்குரூவும் தீர்ந்துபோனது. பாக்கி இரண்டு தகடு. கொட்டகையின் மேற்கு முனையில் ஆறடி நீளத்துக்கு வானம் தெரிந்தது. அதன்மேல் ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். இறங்கி வந்து அண்ணாந்து பார்த்து, மனதுக்குள் ஒரு வாக்கியம் சொன்னேன்: "அட, அரைநாள் வேலைதானே! அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

தம்பிகளே, இந்த வாக்கியம் எங்கே பிறந்தது என்று உங்களுக்குத் தெரியும். நம் ஹாஸ்டலில்தான். ரெக்கார்டு நோட்டில் எல்லாம் எழுதியாகிவிட்டது, ரெண்டே ரெண்டு கிராஃப் பாக்கி என்று சொல்லிவிட்டுப் படத்துக்குப் போவோமே, அதே வாக்கியம்.

அடுத்த வாரம் வந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அங்கே மலை முழுக்க இலைகள் சிவப்பும் மஞ்சளுமாய் மாறும். அதைப் பார்க்கப் பாஸ்டனிலிருந்து நண்பர்கள் வந்தார்கள். ஒரு வாரம் போனது. அதற்கடுத்த வாரம் மழை. பிறகு குழந்தைக்குச் சளி. அக்டோபர் 24 தீபாவளி, அதற்கு முந்தைய சனி ஞாயிறு பலகாரத்திலும் விருந்திலும் போனது. இதில் ஒன்றுகூடச் சோம்பேறித்தனம் இல்லை, கவனியுங்கள். எல்லாம் நியாயமான காரணங்கள். தள்ளிப்போடுபவனிடம் நியாயமான காரணங்களுக்குப் பஞ்சமே இருக்காது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் அம்மாவிடம் பேசுவோம். பேத்தியைப் பார்த்து முடித்ததும், பின்னால் ஜன்னல் வழியாகத் தெரியும் நீலத் தார்ப்பாயைப் பார்ப்பார். "என்னடா தம்பி, இன்னும் மூடலையா?" என்பார். "பனி விழ இன்னும் நாளிருக்கும்மா" என்பேன். "உங்க ஊர் பனி எனக்குத் தெரியாதுப்பா. ஆனா மழைக்கு முந்தின நாள் கூரை போட்டவங்களை நான் பார்த்ததில்லை" என்பார்.

நவம்பர் முதல் வாரக் கடைசியில் இயற்கை எனக்குக் கடைசி வாய்ப்பு கொடுத்தது. 5, 6 தேதிகளில் வழக்கத்துக்கு மாறாகக் கோடை போல வெயில். அரைக்கைச் சட்டையோடு வெளியே நிற்கலாம். இரண்டு தகடு போட அதைவிட நல்ல நாள் கிடைக்காது. நான் என்ன செய்தேன்? "இவ்வளவு வெயில் அடிக்குதே, குளிர் இப்போதைக்கு வராது" என்று முடிவு செய்து, குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போனேன்.

அதே நவம்பர் 6 அதிகாலையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். வருடா வருடம் நடப்பதுதான். மறுநாளிலிருந்து மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வேலை விட்டு வீட்டுக்கு வரும்போது கும்மிருட்டு. வார நாட்கள் போயின. மிச்சம் சனி, ஞாயிறு. காலையில் தகட்டின் மேல் உறைபனி, கால் வைத்தால் வழுக்கும். பத்து மணிக்கு மேல்தான் அது கரையும். விரல் விறைத்துப்போனால் சின்ன ஸ்குரூவைப் பிடிக்க முடியாது, கையுறை போட்டாலும் பிடிக்க முடியாது. நான் மனதில் வைத்திருந்த கடைசித் தேதி 'முதல் பனி'. அந்தத் தேதி வருவதற்கு முன்னாலேயே, எனக்குச் சொல்லாமல், கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகடு போடும்போது, வழக்கமாகக் காற்று அடிக்கும் திசைக்கு எதிர் முனையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் விளிம்பைக் காற்று தூக்காது. அங்கே காற்று மேற்கிலிருந்து வருவது. நான் முறைப்படி கிழக்கிலிருந்து ஆரம்பித்தேன். அதனால் பாக்கி நின்றது மேற்கு முனை. அதாவது காற்றும் மழையும் நேராக மோதும் முனை. சமையலறைக் கதவுக்குப் பக்கமும் அதுதான். எடுக்க வசதியாக இருக்குமென்று, அந்த வருடம் எரிக்க வேண்டிய காய்ந்த விறகையெல்லாம் அங்கேதான் அடுக்கியிருந்தேன். நல்ல கூரைக்குக் கீழே, யானை நிற்கக்கூடிய கூரைக்குக் கீழே, பத்திரமாக இருந்தது அடுத்த வருடத்துக்கான பச்சை விறகு!

டிசம்பர் நடுவில் ஈரப்பனி கனமாக விழுந்தது. தார்ப்பாய் தொட்டில் மாதிரி தொங்கி, நடுவில் கிழிந்தது. மேலே இன்னொரு பாயைப் போட்டுச் செங்கல் வைத்தேன். அந்த நேரத்தை ஒரு தகடு போடச் செலவழித்திருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை.

டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை. வட அமெரிக்காவின் பெரும்பகுதியைத் தாக்கிய அந்தப் புயல் எங்கள் பக்கமும் வந்தது. காலையில் பேய்க்காற்றோடு மழை. ஆயிரக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது, எங்கள் வீடும் அதில் ஒன்று. ஃபர்னஸ் நின்றது. கிணற்று மோட்டாரும் நின்றது. பரவாயில்லை, விறகடுப்பு இருக்கிறதே என்று பின்கதவைத் திறந்தேன். இரண்டு தார்ப்பாயும் பறந்துபோய் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. என் காய்ந்த விறகு குளித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மழை நின்றது. நின்றதும் வெப்பநிலை சரசரவென்று இறங்கியது. இரவுக்குள் வாசல் தெர்மாமீட்டர் உறைநிலைக்குக் கீழே 14 டிகிரி காட்டியது. நனைந்த விறகு ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாறையாக உறைந்துவிட்டது. கடப்பாரையால் குத்திப் பெயர்த்து எடுத்தேன். அடுப்பில் வைத்தால் 'உஸ்ஸ்' என்று சத்தம், கட்டையின் இரு முனையிலும் நுரை. தீ இல்லை, புகைதான். கண்ணாடிக் கதவு கறுத்துப்போனது. கதவைத் திறந்து ஊதினால் புகை வீட்டுக்குள் வருகிறது. புகையை வெளியேற்ற ஜன்னலைத் திறந்தால் இருக்கிற சூடும் போகிறது.

எல்லோரும் அந்த ஒரே அறைக்குள் வந்து, வாசலுக்குக் கம்பளி கட்டினோம். ராத்திரி பத்து மணிக்கு அறைக்குள் 11 டிகிரி. என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். மனைவி அவளைத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சரியா வராதுங்க, யாரையாவது கேளுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சாலை முழுக்கக் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி, கார் எடுக்க வழியில்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தடியூன்றி, பக்கத்துப் பண்ணை வீட்டுக்கு நடந்தேன். அங்கே இருப்பவர் எண்பதை நெருங்கும் பெரியவர். ஆயுள் முழுக்க மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்தவர். கதவைத் திறந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் வண்டி ஒன்றில் காய்ந்த ஆஷ் விறகை அடுக்கி, கயிறு கட்டி, என்னோடு சேர்ந்து இழுத்து வந்தார். அடுப்பில் வைத்தவுடன் பற்றிக்கொண்டது. நள்ளிரவு தாண்டி அறை 18 டிகிரிக்கு வந்தது. குழந்தை தூங்கினாள்.

கிளம்பும்போது பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: "நவம்பரில் அந்த ரெண்டு நாள் வெயிலில் என் ஏணி சும்மாதான் கிடந்தது. கேட்டிருந்தால் நானே வந்திருப்பேன்."

ஜனவரியில் புகைபோக்கி சுத்தம் செய்பவர் வந்தார். உள்ளே பளபளவென்று கறுப்பாகப் படிந்திருந்ததைச் சுரண்டி ஒரு வாளியில் காட்டினார். அந்த இரவில் மட்டும் வந்ததல்ல அது, டிசம்பர் முழுக்க நனைந்த விறகைக் கலந்து எரித்ததன் பலன். "நல்லவேளை கூப்பிட்டீர்கள்" என்றார். குளிரைப் பற்றித்தான் அதுவரை பயந்திருந்தேன். தீயைப் பற்றியும் பயந்திருக்க வேண்டும் என்று அந்த வாளியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை, பெரியவரின் ஏணி, பெரியவரின் மேற்பார்வை. கூரைமேலிருந்த பனியைத் தள்ளிவிட்டு, அந்த இரண்டு தகடுகளையும் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன். மூன்று மணி நாற்பது நிமிடம் ஆனது, அதுவும் நடுக்குளிரில். இந்த மூன்று மணி நாற்பது நிமிடத்துக்காகத்தான் செப்டம்பர் 25இலிருந்து 112 நாள்!

இப்போது கொஞ்சம் பாடத்துக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், அட்டெண்டன்ஸ் கிடையாது.

நமக்கெல்லாம் சிபிஎம் என்ற கிரிட்டிக்கல் பாத் முறை பாடம் உண்டு. 1950களின் கடைசியில் டூபாண்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து உருவாக்கியது. அதில் 'ஃப்ளோட்' என்று ஒன்று வரும். ஒரு வேலையை எவ்வளவு தள்ளிப்போட்டாலும் மொத்தத் திட்டம் தாமதமாகாதோ, அந்த அவகாசம்தான் ஃப்ளோட். நான் தினமும் அலுவலகத்தில் மற்றவர்களின் ஃப்ளோட்டைக் கணக்கெடுப்பவன். என் கொட்டகைக்கும் மனதில் கணக்கு வைத்திருந்தேன்: செப்டம்பர் 25 முதல் முதல் பனி வரை ஏழு வாரம் அவகாசம், வேலை அரைநாள். தாராளம்!

கணக்கில் இரண்டு தப்பு. முதலாவது, கடைசித் தேதியே தப்பு. பனி விழும் நாள் என் கடைசித் தேதி அல்ல. வெளிச்சம், காய்ந்த தகடு, வேலை செய்யும் விரல், ஓய்வு நாள் — இந்த நாலும் ஒன்றாகச் சேரும் கடைசி நாள்தான் என் கடைசித் தேதி. அது நவம்பர் 6. உங்களுக்கும் இதே கதைதான். ப்ராஜெக்ட் ஒப்படைக்கும் நாள் உங்கள் கடைசித் தேதி அல்ல. கைடு கையெழுத்துப் போட ஊரில் இருக்கும் கடைசி நாள், லேப் திறந்திருக்கும் கடைசி நாள், பைண்டிங் கடையில் கூட்டம் சேராத கடைசி நாள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுதான்.

இரண்டாவது தப்பு இன்னும் நுணுக்கமானது. ஆறில் நாலு தகடு போட்டவுடன், மூன்றில் இரண்டு பங்கு கூரை வந்துவிட்டதாக நினைத்தேன். மூன்றில் இரண்டு பங்கு சுவர் என்றால் சுவர்தான். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு கூரை அப்படியல்ல. தண்ணீருக்கு ஒரு வழி போதும். அந்த வழிக்குக் கீழே எதை வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. வேலை சின்னதாகச் சின்னதாக, 'எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்' என்ற நினைப்பு பெரிதாகிறது. பெரிய வேலையை நான் ஒருபோதும் தள்ளிப்போடவில்லை. ஐந்தடிக் குழியை ஆகஸ்ட் வெயிலில் தோண்டியவன் நான். அரைநாள் வேலைதான் என்னைத் தோற்கடித்தது.

நம் தொழிலுக்கு இது ஏற்கெனவே தெரியும். கட்டட ஒப்பந்தங்களில் ஒப்பந்தக்காரருக்குத் தரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பது எதற்கு? கடைசியில் நிற்கும் சில்லறை வேலைகள் — ஒரு கதவுத் தாழ்ப்பாள், ஒரு குழாய், ஒரு பூச்சு — தானாக முடியாது என்று அனுபவப்பட்டவர்கள் எழுதிய விதி அது. பிறருடைய பணத்தை நான் எத்தனையோ முறை பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் கொட்டகைக்குப் பிடித்து வைக்க ஒருவரும் இல்லை.

அதனால் இப்போது இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். 'கொஞ்சம்தான் பாக்கி' என்று வாயில் வந்தால், அந்தக் கொஞ்சத்தை ஒரு காகிதத்தில் தேதி போட்டு எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டிவிடுவேன். மனைவிதான் மேற்பார்வைப் பொறியாளர். இன்னொன்று, தனியாக முடிக்க முடியாமல் இரண்டு வாரம் தாண்டினால், போய் ஏணி கேட்டுவிடுவேன். கேட்பதற்குக் கூச்சப்பட்டதும் அந்தத் தாமதத்தில் ஒரு பங்கு என்று பிறகுதான் உணர்ந்தேன். 'கூரை போடத் தெரியாத இன்ஜினியர்' என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்! கடைசியில் நடுராத்திரியில் போய் விறகு கேட்டேன். தம்பி தங்கைகளே, ஒரு சந்தேகம், ஒரு அரியர் பேப்பர், ஒரு வேலைக்கான சிபாரிசுக் கடிதம், எதுவானாலும் வெயில் அடிக்கும்போதே கேளுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் முன்னாள் மாணவர்கள் பலரிடம் ஏணி சும்மாதான் கிடக்கிறது.

ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோடு முடிக்கிறேன். இந்த மேடையில் பேசும்படி நம் சங்கம் என்னை மூன்று முறை அழைத்தது. மூன்று முறையும் "அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கண்டிப்பாக" என்று பதில் போட்டேன். நான்காவது அழைப்பு வந்த அன்று, ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தேன். மேற்கு முனையில் இரண்டு தகடு மட்டும் இன்னும் கொஞ்சம் புதுசாகத் தெரியும். அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன்.

அம்மா இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில். கொட்டகையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "மூடிட்டியாங்கிறதை முதல்ல சொல்லிடுடா" என்றார். மூடியாயிற்று அம்மா.